கட்டி தட்டிய பொடி

அத்தியாயம் 9

அந்த வீட்டில் டீ தயாராகிக்கொண்டிருந்தது. யாருக்கு என்பதில் மட்டும்தான் குழப்பம்.

அடுப்பில் தண்ணீர் கொதித்தது. புரொபசரின் மனைவி ஃப்ரிட்ஜைத் திறந்து பால் பவுடர் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். சுவர்க் கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்தாள். அடுப்பைக் குறைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எங்களுக்கு வேண்டாங்க, சிரமப்படாதீங்க," என்றான் கொழுந்தன், வேண்டும் என்று தொனிக்கிற குரலில்.

"உங்களுக்குன்னு யார் சொன்னா?"

அவன் பக்கத்து நாற்காலியில் இருந்த அண்ணியின் உதடு ஓரமாக அசைந்தது. அது சிரிப்பு. அவள் சிரிப்பில் அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

அண்ணி பதினான்கு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தவள். எரிந்த கடைகளையும் மூழ்கிய படகுகளையும் பார்த்து, எது தானாக எரிந்தது, எது எரிக்கப்பட்டது என்று சொல்வது அவள் வேலை. இப்போது இரண்டு நாற்காலியும் ஒரு டெலிபோனும் போட்டுச் சொந்தமாகத் துப்பறிகிறாள். அவள் கணவன் கப்பல் இன்ஜினீயர். வருடத்தில் பத்து மாதம் தண்ணீரில். அவனுடைய தம்பி, அதாவது கொழுந்தன், ஃப்ரிட்ஜ் விற்றுக்கொண்டிருந்த கடை மூடப்பட்டதிலிருந்து அண்ணியின் உதவியாளன். உதவி எவ்வளவு, உபத்திரவம் எவ்வளவு என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு உண்டு.

"திங்கக்கிழமை மத்தியானம் லேபுக்குப் போயிருந்தீங்களா?" என்றாள் அண்ணி.

"எல்லா நாளும் போவேன். அவர் வெளிச் சாப்பாடு சாப்பிட மாட்டார். டப்பாவைக் கொடுப்பேன், வந்துடுவேன்."

"நாலு மணிக்கு அவருக்கு வலிப்பு வந்திருக்கு."

"அது ஊருக்கே தெரியும். அந்தக் கழுவுற பொம்பளை பண்ண வேலை. அவ புருஷன் உங்களை வச்சு அவளைக் காப்பாத்தப் பார்க்கிறான். படுக்கையில கிடக்கிறவர் பெண்டாட்டிகிட்டயே வந்து அதுக்கு உதவி கேக்குறீங்க. வெக்கமா இல்ல?"

"இருக்கு. பழகிடுச்சு," என்றாள் அண்ணி. "அவர் ரத்தத்துல இருந்த அந்தப் பொடியைப் பத்தி உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"எனக்கு அந்த லேப் விஷயமெல்லாம் ஒண்ணும் தெரியாது. நான் வீட்டைப் பார்த்துக்கிறவ."

அதற்குமேல் எந்தக் கேள்விக்கும் ஒற்றை வார்த்தைதான். கொழுந்தன் பால் பவுடர் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அது திறக்கப்படுவதாகத் தெரியவில்லை. அவர்களை வழியனுப்பிக் கதவைச் சாத்தும்போதுதான், கதவிடுக்கில், அவள் மறுபடி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மூடியைத் திருகுவது தெரிந்தது.

"பார்த்தீங்களா அண்ணி? நாம போகட்டும்னு அரை மணி நேரம் டப்பாவைத் திறக்காமயே வச்சிருந்தா. கஞ்சத்தனத்துல இவ்வளவு பொறுமையை நான் பார்த்ததே இல்ல."

"நடடா. நமக்கு நாலு மணி வரைக்கும்தான் நேரம்."

நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் ஒரு பெண்ணைக் கைது செய்யப்போகிறார். அதே நாலு மணிக்கு ஆஸ்பத்திரி புரொபசரை வீட்டுக்கு அனுப்பப்போகிறது. இரண்டையும் அவள் ஒரே மூச்சில் சொன்னாள்.

ஆய்வகத்தின் மூன்றாம் மாடியில் அவர்களை வரவேற்க யாரும் இல்லை. வந்தவர்களை விரட்ட ஒரு ஆள் இருந்தாள். புரொபசருக்கு அடுத்த இடத்தில் இருப்பவள். வெள்ளைக் கோட்டு, இழுத்துக் கட்டிய கொண்டை, கையில் குழாய்கள் அடுக்கிய ஐஸ் டப்பா. எல்லோரும் அவளை டாக்டரம்மா என்றார்கள்.

"போலீஸ் முடிச்சுட்டாங்க. உங்களுக்கு இங்க என்ன?"

"பத்து நிமிஷம்," என்றாள் அண்ணி.

"என் நொதி ஐஸ்ல இருக்கு. பத்து நிமிஷத்துல செத்துடும்."

"அப்ப அதையும் கொலை முயற்சிக் கேஸ்ல சேர்த்துக்குவோம்," என்றான் கொழுந்தன்.

டாக்டரம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "இவர் யாரு?"

"என் வீட்டுக்காரரோட தம்பி."

"வேலை?"

"வாய்," என்றாள் அண்ணி.

உள்ளே, ஜன்னலோரம் ஒரு முக்காலியில் கண்ணாடியக்கா உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வருடமாக இந்த மாடியின் குழாய்களையும் குடுவைகளையும் கழுவுகிறவள். அதனால் அந்தப் பெயர். இடது கண்ணின் ஓரத்தில் பழைய தழும்பு ஒன்று மினுங்கியது. பக்கத்தில் இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டு அவள் தலைக்குமேல் பேசினார், அவள் அங்கே இல்லாததுபோல.

"கேஸ் கல்லு மாதிரி இருக்கு. வெள்ளிக்கிழமை இந்தம்மா ஒரு கண்ணாடிக் குழலை உடைச்சுச்சு. புரொபசர் எல்லார் முன்னாடியும் திட்டினார். இந்தம்மா என்ன சொல்லுச்சு தெரியுமா? 'உங்க கையும் ஒரு நாள் நடுங்கும், அப்ப தெரியும்'னு. திங்கக்கிழமை அவர் கை நடுங்குது. ஆஸ்பத்திரியில ரத்தத்தைப் பார்த்தா, இந்த லேப்ல இருக்கிற ஒரு பொடி. மத்தியானம் ஒண்ணு பத்துக்கு இந்தம்மா அட்டையைப் போட்டுக் குளிர் அறையைத் திறந்திருக்கு. நாலு நிமிஷம் உள்ள."

"நான் போகல," என்றாள் கண்ணாடியக்கா. "அட்டை வாசல்ல ஆணியில தொங்கிட்டு இருந்துச்சு. கழுவும்போது நனையும்னு எப்பவும் அங்கதான் மாட்டுவேன்."

"இதையே மூணு நாளா சொல்லுது."

அண்ணி டாக்டரம்மா பக்கம் திரும்பினாள். "அந்தப் பொடி என்ன பண்ணும்? என் மண்டைக்கு ஏறுற மாதிரி சொல்லுங்க."

டாக்டரம்மா பெருமூச்சு விட்டாள். படிக்காதவர்களுக்கு விளக்குவது என்றால் அவளுக்குப் பல்வலி என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் பேச ஆரம்பித்ததும் குரல் மாறியது. அவளுக்கு அந்த விஷயத்தில் பிரியம் இருந்தது.

"மூளையில ஒரு செல் அடுத்த செல்லைத் தட்டி எழுப்புறது குளுட்டமேட்டை வச்சு. எழுப்பியாச்சுன்னா அதை உடனே அங்கேருந்து எடுத்துடணும். இல்லன்னா அது தட்டிக்கிட்டே இருக்கும். எடுக்கிற வேலை பக்கத்துல இருக்கிற நட்சத்திர செல்லுக்கு. அது குளுட்டமேட்டை உள்ள இழுக்கும். உள்ள ஒரு நொதி இருக்கு, குளுட்டமின் சிந்தட்டேஸ். அது குளுட்டமேட்டோட அம்மோனியாவை ஒட்ட வச்சு குளுட்டமினா மாத்தும். குளுட்டமின் சாது. யாரையும் தட்டாது. அது திரும்ப நரம்பு செல்லுக்குப் போகும். அங்க இன்னொரு நொதி அதைப் பழையபடி குளுட்டமேட் ஆக்கும். சுத்திச் சுத்தி இப்படியே."

"அந்தப் பொடி?"

"முதல் நொதியைப் பூட்டிடும். அதனால நாங்க அதைப் பூட்டுன்னே கூப்பிடுவோம். பூட்டினா குளுட்டமேட்டும் தேங்கும், அம்மோனியாவும் தேங்கும். எழுப்புறதுக்கு ஆள் இருக்கு, தூங்க வைக்க ஆள் இல்ல. வலிப்பு."

"எங்க வீட்டுல அண்ணன் லீவுல வந்தா இதே நிலைமைதான்," என்றான் கொழுந்தன். "ராத்திரி முழுக்கக் கப்பல் கதை."

யாரும் சிரிக்கவில்லை. அவன் சுவரில் மாட்டியிருந்த சட்டத்தின் பக்கம் போனான். ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் கண்ணாடிக்குள் இருந்தன. இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. அந்த நொதியை மூளையிலிருந்து சுத்தமாகப் பிரித்தெடுத்த கதை. புரொபசரின் பேர் கொட்டை எழுத்தில்.

"தட்டச்சு செய்து உதவிய என் மனைவிக்கு நன்றி," என்று கடைசி வரியைச் சத்தமாகப் படித்தான். "பரவாயில்லையே, பெண்டாட்டியை மறக்கல. நம்ம அண்ணன் ஒரு போஸ்ட் கார்டுகூடப் போடறது இல்ல."

அண்ணி அவன் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அவள் கையிலிருந்த பென்சில் ஒரு நொடி நின்றது.

"இந்தம்மாதான்னு யார் முடிவு பண்ணா?" என்றாள் இன்ஸ்பெக்டரிடம்.

"பொடியே சொல்லுது. கட்டி தட்டியிருக்கு."

"அதை நான்தான் அவருக்குச் சொன்னேன்," என்றாள் டாக்டரம்மா. "பூட்டு மைனஸ் இருபது டிகிரி உறைகுளிர்ல இருக்கிறது. வெளிய எடுத்த உடனே திறந்தா காத்துல இருக்கிற ஈரம் உள்ள போய் ஒட்டிக்கும். பொடி கட்டி ஆயிடும். அதனால பாட்டிலை வெளிய வச்சு அரை மணி நேரம் பொறுப்போம். அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் மூடியைத் தொடுவோம். இந்த மாடியில முதல் நாளே சொல்லிக் கொடுக்கிறது அதுதான். இங்க படிச்ச எவனும், எவளும் நாலு நிமிஷத்துல திறக்க மாட்டாங்க. தூக்கத்துலகூட மாட்டாங்க."

"அதனால திறந்தது படிக்காத ஆளு," என்று முடித்தார் இன்ஸ்பெக்டர். "இந்தக் கூட்டத்துல படிக்காத ஆளு ஒண்ணே ஒண்ணுதான்."

கண்ணாடியக்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். தோல் ஊறி வெளுத்த விரல்கள். கொழுந்தனுக்குக் கோபம் வந்தது. இவர்கள் பேசுகிற தோரணையில், படிக்காததே பாதிக் குற்றம் என்பதுபோல இருந்தது.

"பாட்டிலைப் பார்க்கலாமா?" என்றாள் அண்ணி.

இன்ஸ்பெக்டர் மனசே இல்லாமல் ஒரு கவரை எடுத்தார். உள்ளே கட்டைவிரல் உயரப் பழுப்புக் கண்ணாடி பாட்டில். கூடவே ஒரு சின்னக் கவரில், மெழுகு பூசினது போன்ற கசங்கின பட்டை ஒன்று.

"இது என்ன?"

"மூடியைச் சுத்தி ஒட்டியிருந்துச்சு. கம்பெனி சீல். எங்க நிபுணர் அதைப் பிரிச்சுட்டுத் திறந்து பார்த்தார், மூடிட்டார். ஒரு துளி எடுக்கல."

அண்ணி பாட்டிலைத் திருப்பினாள். லேபிளில் பேனாவால் வரிசையாகத் தேதியும் எண்ணும் எழுதியிருந்தது. "இந்த எண் என்ன?"

"எடை. விஷப்பொடி ஒவ்வொண்ணுக்கும் விதி அது. எடுத்து முடிச்சதும் மூடியோட எடை போட்டு எழுதணும்," என்றாள் டாக்டரம்மா.

"இப்ப போடுங்களேன்."

"எதுக்கு? எடுத்தாச்சு, குறைஞ்சிருக்கும்."

"எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு எனக்கு ஒரு ஆசை."

டாக்டரம்மா தராசின் கண்ணாடிக் கதவைத் தள்ளிப் பாட்டிலை வைத்தாள். சிவப்பு எண்கள் ஓடி நின்றன. அவள் லேபிளைப் பார்த்தாள். மறுபடி தராசைப் பார்த்தாள். பாட்டிலை எடுத்துவிட்டு, தராசைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, திரும்ப வைத்தாள்.

"போன மாசம் அறுபத்தொண்ணு புள்ளி நாலு ரெண்டு கிராம்," என்றாள். குரலில் இருந்த விறைப்பு கொஞ்சம் தளர்ந்திருந்தது. "இப்ப அறுபத்தொண்ணு புள்ளி அஞ்சு ஏழு."

"திருட்டுப் போன பாட்டில் எப்படிங்க குண்டாகும்?" என்றான் கொழுந்தன்.

இன்ஸ்பெக்டர் தராசைத் தட்டிப் பார்த்தார். "மிஷின் தப்பா இருக்கும்."

"என் தராசு தப்பா இருக்காது," என்றாள் டாக்டரம்மா. இன்ஸ்பெக்டர் மேல் அவள் காட்டிய முதல் பகைமை அது. "ஈரம் ஏறியிருக்கு, அதான் கூடியிருக்கு. பொடி வெளிய போகவே இல்ல."

"அப்ப அந்த நாலு நிமிஷம் திருட வந்தது இல்ல," என்றாள் அண்ணி. "திறந்து, உள்ள ரெண்டு ஊது ஊதி, மூடி வச்சுட்டுப் போக வந்தது. புரொபசருக்குப் போன பொடி வேற பாட்டில்ல இருந்து வந்திருக்கு. இங்க இருக்கிறது வேஷம். 'பாரு, படிக்காதவ திறந்திருக்கா'ன்னு உங்களை நம்ப வைக்கிற வேஷம். அந்த வேஷம் போட, கட்டி தட்டினா அதுக்கு என்ன அர்த்தம்னு முதல்ல தெரிஞ்சிருக்கணும். அது கழுவுறவங்களுக்குத் தெரியாதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க."

இன்ஸ்பெக்டரின் கண் மெதுவாக நகர்ந்து டாக்டரம்மாமேல் நின்றது. கொழுந்தன் கண்ணும் அங்கேதான் இருந்தது. வாசலில் பார்த்ததிலிருந்து இவள்தான் என்று அவனுக்கு ஒரு பட்சி சொல்லிக்கொண்டே இருந்தது. புரொபசர் படுத்தால் நாற்காலி யாருக்கு?

டாக்டரம்மாவுக்கும் அது புரிந்தது. "என்னைப் பார்க்கிறீங்களா? நானே குழி வெட்டி நானே விழறதுக்கு நான் என்ன முட்டாளா? கட்டியோட அர்த்தத்தைச் சொன்னதே நான்."

"முட்டாள் இல்ல," என்றாள் அண்ணி. "மூணு நாளா ஒரு அப்பாவியை உள்ள தள்ள உதவி பண்ணியிருக்கீங்க, அது வேற. இந்தப் பட்டையைப் பாருங்க. நிஜமாவே கம்பெனி சீலா?"

டாக்டரம்மா சின்னக் கவரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். நெற்றி சுருங்கியது.

"இல்ல. இது இழுவைப் படலம். சுருள்ல வரும். இழுத்து மூடியைச் சுத்தினா அப்படியே பிடிச்சுக்கும், காத்து போகாது. ஆனா நாங்க இதைப் பயன்படுத்துறதே இல்ல. உறைகுளிர்ல விரிசல் விடும். நான் சேர்ந்த வருஷமே நிறுத்திட்டேன். இப்ப எல்லாத்தையும் ஈரம் உறிஞ்சுற மணி போட்ட தகர டப்பாவுலதான் வைக்கிறோம்."

"சேர்ந்து எத்தனை வருஷம்?"

"ஒன்பது."

"அப்ப அதுக்கு முன்னாடி இங்க வேலை கத்துக்கிட்ட கை இது. திறக்கும்போது தெரியாதவங்க மாதிரி நடிச்சுது. மூடும்போது பழக்கதோஷம், நடிக்க மறந்துடுச்சு."

இதைச் சொல்லும்போது அண்ணி டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை, முக்காலியைப் பார்த்தாள். கண்ணாடியக்கா தலையை இன்னும் கீழே தொங்கப்போட்டுக்கொண்டாள். ஒரு அப்பாவிக்கு நல்ல செய்தி வருகிறபோது முகம் மலர வேண்டும். இவள் முகம் இருண்டது. கொழுந்தனுக்கு அது உறுத்தியது.

"ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி இங்க இருந்தவங்க யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"புரொபசர்," என்றாள் டாக்டரம்மா. "அக்கா. வேற யாரும் இல்ல. எல்லாரும் போயிட்டாங்க."

"அண்ணி," என்றான் கொழுந்தன்.

"இருடா."

"இல்ல அண்ணி, அந்த ஃப்ரிட்ஜ்." அவன் குரல் அவனுக்கே விநோதமாகக் கேட்டது. நகைச்சுவை எங்கோ கழன்று விழுந்திருந்தது. "நான் ஏழு வருஷம் ஃப்ரிட்ஜ் வித்தவன். பால் பவுடரை ஃப்ரிட்ஜ்ல வைக்கிறவங்க நிறையப் பேர் உண்டு. எடுப்பாங்க, திறப்பாங்க, போடுவாங்க, கட்டி ஆயிடுச்சுன்னு கடைக்கு வந்து என்னைத் திட்டுவாங்க. கடிகாரத்தைப் பார்த்து அரை மணி நேரம் பொறுக்கிற ஒரு ஆளைக்கூட நான் பார்த்தது கிடையாது. இன்னிக்கு மத்தியானம் பார்த்தேன்."

அண்ணி அவனை ஒரு முழு நொடி பார்த்தாள். "வேலை வாய் மட்டும் இல்லைன்னு இன்னிக்குத்தான் தெரியுது," என்றாள்.

மணி மூன்றே முக்கால். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு புரொபசரின் மனைவி உள்ளே வந்தாள், தோளில் ஒரு பெரிய துணிப் பையுடன். அந்த மாடியில் தினமும் நடக்கிற காட்சி. யாரும் அவளை ஏன் வந்தாய் என்று கேட்டதில்லை. ஒன்பது வருடத்தில் டாக்டரம்மா ஒரு நாள்கூடத் தலை நிமிர்ந்து பார்த்ததில்லை. இன்று எல்லோரும் பார்த்தார்கள்.

"அவர் மூக்குக்கண்ணாடியை எடுக்க வந்தேன். நாலு மணிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லியிருக்காங்க." அண்ணியைக் கண்டதும் முகம் கடுத்தது. "நீங்க இன்னும் போகலையா?"

"போயிட்டே இருக்கோம்," என்றாள் அண்ணி. டாக்டரம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். டாக்டரம்மா குளிர் அறைக்குள் போய், ஒரு சின்ன பாட்டிலோடு வந்தாள். அதன்மேல் வெண்பனி பூத்திருந்தது. அண்ணி அதை வாங்கிப் புரொபசரின் மனைவியிடம் நீட்டினாள். "இதைக் கொஞ்சம் திறந்து கொடுங்களேன். என் விரல்ல பலம் இல்ல."

அவள் யோசிக்காமல் வாங்கினாள். விரலில் குளிர் பட்டது. பாட்டிலைப் பக்கத்து மேடைமேல் வைத்தாள்.

"அரை மணி நேரம் ஆகட்டும்," என்றாள்.

சொல்லி முடித்த பிறகுதான் தன் குரல் அவளுக்குக் கேட்டது.

"லேப் விஷயம் ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னீங்க," என்றாள் அண்ணி.

இன்ஸ்பெக்டர் நகர்ந்து கதவுக்கும் புரொபசரின் மனைவிக்கும் நடுவில் போய் நின்றார். அந்தப் பிழைப்பில் அவருக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் எங்கே நிற்பது என்பது.

புரொபசரின் மனைவி சுவரில் இருந்த சட்டத்தைப் பார்த்தாள். பயத்தைக் காணோம். பல வருடமாக அடக்கி வைத்த வெறுப்பு இப்போது அடக்கம் தேவையில்லை என்று கண்டுகொண்டதுபோல நிதானமாக மேலே வந்தது.

"அந்த நொதியைப் பிரிச்சு எடுத்தது நான்," என்றாள். "பதினோரு மாசம். குளிர் அறையில கம்பளி போட்டுக்கிட்டு, வயித்துல பிள்ளையோட. அவர் மாநாட்டுக்குப் போனார், நான் குழல் முன்னாடி நின்னேன். பேப்பர் வந்தப்ப பார்த்தேன். தட்டச்சு பண்ணதுக்கு நன்றி. கேட்டதுக்கு, குழந்தையோட வேலைக்கு வரவா போறே, உனக்கு எதுக்குப் பேருன்னு கேட்டார். என் பூட்டு பாட்டிலையும் அந்தப் படலச் சுருளையும் மட்டும் வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன். இருபத்திரண்டு வருஷம் என் ஃப்ரிட்ஜ்ல இருந்துச்சு. ஒவ்வொரு நாளும் அவருக்குச் சாப்பாடு கட்டும்போது அதைப் பார்ப்பேன்."

"அப்புறம் ஏன் இப்ப?" என்றாள் டாக்டரம்மா. கேட்டுவிட்டு வெட்கப்பட்டதுபோல இருந்தது.

"அடுத்த மாசம் அவருக்குப் பரிசு கொடுக்கிறாங்க. என்ன பேசறதுன்னு எழுதி, டைப் பண்ணச் சொல்லி என்கிட்ட கொடுத்தார்."

கொழுந்தனுக்கு, அதுவரை இருந்த கோபம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நடுவில் நின்றது. அவன் முக்காலியைப் பார்த்தான். கோபத்துக்கு வழி தெரிந்தது.

"அது உங்களுக்கும் அவருக்கும் உள்ள கணக்கு. இந்தக்கா உங்களுக்கு என்ன பண்ணாங்க?"

"அட்டை தொங்கிட்டு இருந்துச்சு. எடுத்தேன்." அவள் முதன்முறையாகத் தடுமாறினாள். "யாரோடதுன்னு பார்க்கல."

கண்ணாடியக்கா முக்காலியிலிருந்து எழுந்தாள். மூன்று நாளில் அவளாக எழுந்தது அதுதான் முதல் முறை.

"நான் பார்த்தேன்மா," என்றாள். "போலீஸ் அந்த பாட்டிலை எடுத்துட்டுப் போறப்பவே பார்த்தேன். மூடியில அந்தப் படலம் ரெண்டு சுத்து, நுனியை உள்ள மடிச்சு விட்டிருந்துச்சு. அப்படிச் சுத்துறது நீங்க ஒருத்தர்தான். உங்க குடுவையை எல்லாம் பிரிச்சுக் கழுவுனவ நான். எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏம்மா மூணு நாளா வாயைத் திறக்கல?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் புரொபசரின் மனைவியைப் பார்த்தே பேசினாள். இடது கண்ணோரத் தழும்பைத் தொட்டுக்கொண்டாள்.

"அன்னிக்கு ஆசிட் தெறிச்சப்ப எல்லாரும் ஒதுங்கி ஓடினாங்க. நீங்கதான் என் தலையைக் குழாய்க்கடியில பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. உங்க கையெல்லாம் வெந்துபோச்சு. இந்தக் கண்ணு இருக்கிறதே உங்களால. அந்தக் கண்ணால பார்த்ததை எப்படிம்மா நான் போய்ச் சொல்லுவேன்? என் அட்டைன்னு தெரிஞ்சிருந்தா வச்சுட்டுப் போயிருப்பீங்களா?"

புரொபசரின் மனைவியின் கண்ணில் அதுவரை எரிந்துகொண்டிருந்தது சட்டென்று அணைந்துபோயிற்று. முக்காலியைக் கண்டதும் அதில் உட்கார்ந்துவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் அவள் துணிப் பையை வாங்கி, உள்ளேயிருந்ததை ஒவ்வொன்றாக மேடைமேல் எடுத்து வைத்தார். துண்டு. மாற்றுச் சட்டை. மூடி போட்ட ஃபிளாஸ்க்.

"இதுல என்ன?"

"டீ," என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி. "வழியில அவருக்குக் கொடுக்க."

கொழுந்தன் ஃபிளாஸ்க்கைப் பார்த்தான். மத்தியானம் தனக்கு டீ தராதவளை வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தது நினைவுக்கு வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒருவர் தன்னை உபசரிக்காமல் விட்டதற்கு மனசாரச் சந்தோஷப்பட்டான். ஆனால் அதை வெளியே சொல்லவில்லை.

இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, யாரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்று கத்திக்கொண்டிருந்தார். டாக்டரம்மா சுவரோரம் போய்ச் சட்டத்தின் கடைசி வரியை, ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக, நின்று படித்தாள். அவள் நொதி ஐஸ் உருகின தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில் கண்ணாடியக்கா மேடைக்கு வந்தாள். அங்கே வைத்த பாத்திரம் எதுவானாலும் எடுத்துக் கழுவுவது இருபத்தைந்து வருட வழக்கம். அவள் கை ஃபிளாஸ்க்கின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கியது. கண் மட்டும் முக்காலியில் இருந்தவள்மேல் இருந்தது. கழுவும் தொட்டி நாலடி தூரம்.

அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். முரட்டுத்தனமாக இல்லை, ஆனால் விடவும் இல்லை.

"அக்கா, இதை மட்டும் கழுவாதீங்க."

கண்ணாடியக்கா ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு, ஈரமே இல்லாத கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.